உணவகத்தில் இரவு வேலை செய்துகொண்டே உடல் எடையைக் குறைப்பது எப்படி?

நண்பகல் 12 மணி முதல் மாலை 4 வரை, மறுபடியும் 6 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை சப்ளையர் வேலை; கடை மூடிய பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கிறது; நாள் முழுக்க நடந்தும் எடை ஏறுகிறது; இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தும் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் சப்ளையராகத் தொடங்கி, இப்போது ஓர் இரவு உணவகத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். என் பதில் இதுதான்: நள்ளிரவுச் சாப்பாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாலை ஐந்து மணிச் சாப்பாட்டை முதலில் சரிசெய்யுங்கள். அது சரியானால் நள்ளிரவுத் தட்டு தானாகச் சிறுக்கும்.

ஏன் ஐந்து மணி? நம் வேலையில் பசி எப்படி வருகிறது என்று பாருங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து நாம் தட்டை எடுக்கும்போது நாலு மணி ஆகிவிடும். பொரியல் தீர்ந்திருக்கும், கூட்டு அடியில் ஒட்டியிருக்கும். சோறும் சாம்பாரும் மட்டும் மிச்சம். பசியில் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுகிறோம். ஆறு மணிக்கு எழுந்து வந்தால் ஒரு டீ, இரண்டு வடை. ஏழரைக்குக் கூட்டம் தொடங்கினால் பதினோரு மணி வரை தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது. நடுவில் ஒன்பது மணிவாக்கில் வயிறு கூப்பிடும். கவனிக்க ஆள் இல்லாததால் அடங்கிவிடும். அடங்கிய பசி போய்விட்டதாக அர்த்தமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு அது வட்டியோடு வரும். அந்த நேரத்தில் "இரண்டு இட்லி போதும்" என்று சொல்லும் மன உறுதியை எந்த மனிதரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி நீங்கள் தோற்றதற்குக் காரணம் உங்கள் மனம் பலவீனமானது என்பதல்ல. நாள் முழுக்க உடலுக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

அந்த நேரத்தில் கையில் கிடைப்பதும் பரோட்டாதான். எங்கள் கல்லுக்கு அருகில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். மைதாவைப் பிசையும்போதே எண்ணெய். உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைப்பார்கள். வீசி விசிறும்போது பலகையில் எண்ணெய். சுருட்டித் தட்டிக் கல்லில் போட்டதும் மாஸ்டர் கரண்டியால் சுற்றிலும் ஊற்றுவார். சிவந்து வந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடித்துப் பிரிப்பார். அப்போது அந்தப் பலகை மின்னும். ஒரு பரோட்டாவுக்கு 65 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 300 கலோரியைத் தாண்டுகிறது. மூன்று பரோட்டாவும் தேங்காய் அரைத்த சால்னாவும் சேர்ந்தால் ஆயிரத்துக்கு மேல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்கு ஒரு நாள் முழுவதற்குமான எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். அந்த மூன்று பரோட்டாவிலேயே அது முடிந்துவிடுகிறது. பரோட்டாவை நான் பழிக்கவில்லை. அது எங்களுக்குச் சோறு போடும் பண்டம். வார விடுமுறையில் ஒரு நாள் ஆசையாகச் சாப்பிடுங்கள். அன்றாடம் நள்ளிரவில், வெறும் வயிற்றில் சாப்பிடுவதற்கு உரியது அல்ல.

நேரமும் ஒரு காரணம். உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பகலிரவை அறியும் கடிகாரம் ஓடுகிறது. அதன் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவில் இன்சுலினுக்கு உடல் மந்தமாகவே இணங்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்ட அதே உணவை நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். எடையைத் தீர்மானிப்பதில் நாள் முழுக்க உண்ணும் மொத்த அளவுக்கே முதலிடம். நேரம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. "இரவு ஏழு மணிக்கு மேல் சாப்பிடாதே" என்ற அறிவுரை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். நாம் ஏழு மணிக்கு மேல்தான் அடுத்தவருக்குப் பரிமாறத் தொடங்குகிறோம். நமக்கென்று தனிக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். எழுந்து வேலைக்குக் கிளம்பும் முன், பதினோரு மணிக்குள் ஒரு நல்ல சாப்பாடு. மதுரையில் தெருவோரத்தில் கிடைக்கும் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் இதற்கு அருமையானவை. கூடவே ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால் நிறைவு. தொட்டுக்கொள்ள வறுத்த மோர் மிளகாய் ஒன்று போதும், அப்பளக் குவியல் வேண்டாம். மூன்று மணிக்குப் பசித்தால் ஒரு சொம்பு மோர். நாலு மணிக்கு இடைவேளை விட்டதும் நேராகத் தட்டை எடுக்காமல் முதலில் போய்ப் படுங்கள். அரை மணி, முக்கால் மணி தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு ஐந்து மணிக்குச் சாப்பிடுங்கள். களைப்பில் சாப்பிடுகிறவர் கை அள்ளும் அளவும், தூங்கி எழுந்தவர் கை அள்ளும் அளவும் வேறு என்பதை எங்கள் ஊழியர்களிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணித் தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும். உணவகத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்கும், ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கே அதற்கு வழி செய்ய வேண்டும். கோஸோ பீன்ஸோ தாளித்து இறக்கிய உடனே, ஊழியர்களுக்கென்று ஒரு பாத்திரம் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "அண்ணே, எங்களுக்கு ஒரு சட்டி பொரியல் ஒதுக்கி வையுங்கள்" என்று அன்போடு கேட்டால் மறுக்கிற மாஸ்டரை நான் பார்த்ததில்லை. மூன்று மணிக்குக் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தட்டின் மறு பாதியில் ஒரு கரண்டிச் சோறும், இரண்டு முட்டையோ குழம்பு மீனோ கோழித் துண்டுகளோ வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி போடும் கடையில் அவித்த முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சைவக் கடை என்றால் கெட்டிப் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர். காயையும் புரதத்தையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள். இந்த வரிசையில் உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, இரண்டாம் கரண்டிச் சோறும் பெரும்பாலும் தேவைப்படாது. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வேலையில் சேருங்கள்.

இப்படிச் சாப்பிட்டால் ஆறு மணி வடை வேண்டியிருக்காது. ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிடும்போது ஐந்து நிமிடம் ஒதுங்கி ஒரு வாழைப்பழமோ ஒரு கை வறுத்த கடலையோ சாப்பிடுங்கள். நின்றுகொண்டு விழுங்காதீர்கள், ஒரு முக்காலியில் உட்கார்ந்து தின்னுங்கள். நாளெல்லாம் நிற்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்கள் பட்ட கால்வலியை எல்லோரும் அறிந்ததால் வந்த திருத்தம் அது. சமையல்கட்டில் நிற்பவர்களின் காலையும் வயிற்றையும் முதலாளிகள் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊழியருக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதால் எந்தக் கடைக்கும் நட்டம் வராது.

டீயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு எடை ஏறும் வழி அதுதான். கடை டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, அதாவது எட்டு முதல் பத்து கிராம் வரை. ஆறு டீ குடித்தால் 48 முதல் 60 கிராம் வரை ஆகிவிடும். மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. டீ மாஸ்டரிடம் "அரைச் சர்க்கரை" என்று ஒரு வாரம் சொல்லி வாருங்கள். பிறகு அவரே கேட்காமல் போட்டுத் தருவார். குடித்த காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பதினொன்றரைக்குக் குடிக்கும் டீ விடியற்காலை வரை தூக்கத்தைத் தள்ளும். கடைசி டீ எட்டு மணிக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். அடுப்பருகில் வியர்த்துக் கொட்டும்போது கை குளிர்பானத்தைத் தேடும். 250 மில்லி கோலா பாட்டிலில் 26, 27 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோரும் தண்ணீரும்தான் அந்த வெக்கைக்கு ஏற்றவை.

சமையல்காரர்களுக்கு வேறொரு தொல்லை. குழம்பை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பது தொழில், அதை விட முடியாது. அதோடு நிற்காமல் பொரித்த கோழியில் உடைந்த துண்டு, பிரியாணி அண்டாவில் ஒட்டிய அடி, தோசை முறுகல் என்று வாயில் போடுவது நாள் முழுக்கத் தொடர்கிறது. "நான் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் உடம்பு ஏறுகிறது" என்று சொல்லும் மாஸ்டர்கள் பொய் சொல்லவில்லை. தட்டில் வைக்காமல் தின்றது அவர்கள் நினைவில் நிற்பதில்லை. உப்புப் பார்ப்பது தவிர எதுவானாலும் தட்டில் வைத்தே சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் இது பெருமளவு அடங்கும்.

மிச்ச உணவு மனத்தைப் பிசைகிற விஷயம். நல்ல சோற்றைக் கொட்ட நமக்குக் கை வராது. பசி அறிந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வீணாகக் கூடாது என்பதற்காக நம் வயிற்றில் போட்டுக்கொள்வதால் யாருடைய பசியும் தீர்வதில்லை. எங்கள் கடையில் மிஞ்சியதை, நாங்கள் சாப்பிட உட்காரும் முன்பே பொட்டலம் கட்டி, பேருந்து நிலையப் பக்கம் இரவில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். முதலாளியிடம் பேசி இதைப் பழக்கமாக்க முடியுமா என்று பாருங்கள். கண்ணெதிரே குவியல் இல்லாதபோது நம் தட்டும் அளவாக இருக்கிறது.

இப்போது நள்ளிரவுக்கு வருவோம். மதுரையில் இது எளிது. இரவு ஒரு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கிற ஊர். ஓர் இட்லி சுமார் 50, 60 கலோரிதான். இரண்டோ மூன்றோ இட்லி, நிறையச் சாம்பார், ஒரே ஒரு சட்னி. வேறு ஊரில் இருந்தால் ரசம் சோறு ஒரு கரண்டி, அல்லது ஓர் ஆம்லெட்டும் மிஞ்சிய பொரியலும். பசிக்கவில்லை என்றால் மோர் குடித்துவிட்டுப் படுக்கலாம். ஐந்து மணிச் சாப்பாடு பழகிய சில வாரங்களில், பசிக்காத இரவுகள் உங்களுக்கும் வரும்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கடை கொடுக்கும் பொது அறையில் தங்கியிருந்தால் இதுதான் பெரும்பாடு: நாம் இரண்டு மணிக்குக் கண் மூட, காலை டிபன் ஆட்கள் நாலு மணிக்கு விளக்கைப் போடுவார்கள். காலை ஆட்களையும் இரவு ஆட்களையும் வெவ்வேறு அறையில் போடுமாறு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். நான் என் கடையில் முதலில் மாற்றியது இதைத்தான். சன்னலுக்குக் கெட்டித் துணி, கண்ணுக்கு ஒரு கறுப்புத் துண்டு.

உடற்பயிற்சிக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். நடை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எழுந்ததும் வாரத்தில் மூன்று நாள் கால்மணி நேரம் தண்டால், பஸ்கி எடுத்தால் தசை கரையாமல் இருக்கும்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். எடை பார்க்கும் எந்திரத்தைவிட இடுப்பு அளக்கும் நாடாவை நம்புங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. எனக்கு அந்த எல்லைக்குள் வர ஓராண்டுக்கு மேல் ஆனது, அதன் பிறகு திரும்ப ஏறவில்லை.

உங்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து மாத்திரை சாப்பிட்டுவந்தால், சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரைப் பாருங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். சோதித்தே பார்க்காதவர் என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது உங்கள் நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தூங்குவது அதிகாலை இரண்டு மணிக்கு, முதல் சாப்பாடு பதினோரு மணிக்கு, பெரிய சாப்பாடு ஐந்து மணிக்கு. சீட்டில் "காலை, இரவு" என்று மட்டும் எழுதித் தந்தால், எத்தனை மணிக்கு என்று கேட்டு அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.