அளவுகோல், மூலைமட்டம், ஒரு பாறைத் துண்டு: மேசனிக் சிந்தனை குறித்துக் கேள்வி பதில்

கட்டடம் கட்டுகிறவரின் கருவிகளை அடையாளமாக வைத்து நல்லொழுக்கத்தைப் பழகும் சகோதர அமைப்பு ஃப்ரீமேசன் சபை. அதைச் சேர்ந்ததை மேசனிக் என்பார்கள். அதில் நீண்ட காலமாக இருப்பவன் என்பதால் பலர் என்னிடம் கேட்டவை இவை. சபைக்குள் காக்கவேண்டிய சில அடையாளச் சொற்களும் சைகைகளும் உண்டு, அவற்றைத் தொடமாட்டேன். மற்றதையெல்லாம் தாராளமாகப் பேசலாம்.

ஐயா, மேசனிக் தியானம் என்பது கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதா?

இல்லை. சபை அப்படி ஒரு பயிற்சியைக் கற்பிப்பதில்லை. மந்திரமோ ஆசனமோ கிடையாது. கட்டடம் கட்டுகிறவரின் கருவி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது என் நடத்தையைப் பார்த்து என்ன கேட்கும் என்று யோசிக்கிறோம். கண்ணைத் திறந்துகொண்டே செய்கிற வேலை இது. மனம் அமைதியாவது அதன் பிறகு வருகிற விளைவு. அமைதியை மட்டும் தேடி வருபவர்கள் கொஞ்ச நாளில் சலித்துப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கருவியை எடுத்துக்கொள்ளலாம்?

24 அங்குல அளவுகோல். தயங்காமல் சொல்வேன். உறுப்பினர் ஒவ்வொன்றாக ஏறும் மூன்று படிகள் சபையில் உண்டு. இங்கிலாந்து வழிமுறையில் முதல் படியில் சேர்பவருக்கு மூன்று கருவிகளை விளக்குவார்கள்: இந்த அளவுகோல், சுத்தியல், உளி. சுத்தியல் மனசாட்சியின் பலம், உளி கல்வி. அளவுகோலின் 24 அங்குலமும் ஒரு நாளின் 24 மணி நேரம். ஒரு பங்கு இறைவழிபாட்டுக்கு, ஒரு பங்கு உழைப்புக்கும் ஓய்வுக்கும், ஒரு பங்கு கஷ்டத்தில் இருக்கிற நண்பருக்கு உதவுவதற்கு. அமெரிக்கச் சபைகளில் எட்டு எட்டு மணி நேரமாக மூன்றாகப் பிரிப்பார்கள். வழிபாடும் உதவியும் ஒரு பங்கு, தொழில் ஒரு பங்கு, ஓய்வும் உறக்கமும் ஒரு பங்கு.

இதைச் செய்து பார்ப்பது எளிது. இரவில் ஒரு தாளில் 24 அங்குலத்துக்கு அடையாளமாக 24 கோடுகள் போடுங்கள். அன்றைய நாளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தூக்கத்துக்கு ஏழு, வேலைக்குப் பத்து, போக வர இரண்டு. அப்புறம் கைபேசியில் போன மூன்று கோடுகளை எந்தப் பங்கில் சேர்ப்பது? அங்கேதான் கை நின்றுவிடும். மீதமுள்ள இரண்டில் அடுத்தவருக்கென்று கொடுத்தது எவ்வளவு என்று பார்த்தால் பெரும்பாலானோருக்கு அரைக் கோடுகூடத் தேறாது. உடனே தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம், அளந்ததே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். உதவி செய்யச் சொல்கிற அதே சடங்கு வாசகம், உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும் கேடு வராத அளவுக்குச் செய் என்றும் சொல்கிறது. வீட்டைக் கவனிக்காமல் ஊருக்கு உழைப்பவரும் இந்த அளவுகோலில் சரியாக வரமாட்டார். சமநிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இருட்டறையில் மண்டையோட்டை வைத்து உட்கார வைப்பார்களாமே? கேட்கவே பயமாக இருக்கிறது.

சிந்தனை அறை என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வழக்கத்தில் இருக்கிறது, வழக்கமான ஆங்கிலேயச் சபைகளில் இல்லை. சின்ன அறை, கருப்புச் சுவர், ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மேசைமேல் மண்டையோடு, மணற்கடிகாரம், ரொட்டித் துண்டு, தண்ணீர், உப்பு, கந்தகம். சுவரில் சேவல் படம் இருக்கும், விடியல் வரும் என்பதற்கு அடையாளமாக. சேர வந்தவர் அங்கே தனியாக உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். தனக்கும் பிறருக்கும் தான் செய்யவேண்டிய கடமை என்ன என்பது போன்ற கேள்விகள். அந்தத் தாளை உயில் என்றே சொல்கிறார்கள்.

பயமுறுத்துவது நோக்கமல்ல. சாகப்போகிறவன் எழுதுவதுபோல் எழுது என்று சொல்லும்போது மனிதர் பொய் எழுதமாட்டார். எனக்கு மேசனிக் வழியில் ஆழமானதாகப் படுவது இந்த அறைதான். உங்களுக்கு மண்டையோடு தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தாளில் அந்தக் கேள்விக்கு முழு மனதோடு பதில் எழுதுங்கள்.

சார், நான் முன்கோபி. எனக்கு எந்தச் சின்னம் உதவும்?

கவராயம். ஆசையையும் ஆத்திரத்தையும் ஒரு வட்டத்துக்குள் நிறுத்துவதற்கு அடையாளம் அது. மூலைமட்டம், அதாவது மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, நடத்தையின் நேர்மைக்கு. சபையில் இரண்டையும் திறந்த வேதநூலின்மேல் வைப்பார்கள், வைக்கிற விதம் படிக்குப் படி மாறும். முதல் படியில் கவராயத்தின் இரண்டு முனைகளும் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும். இரண்டாம் படியில் ஒரு முனை மேலே வரும். மூன்றாம் படியில் இரண்டும் மேலே. நம்முள் இருக்கிற உயர்ந்த பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலெழும் என்று பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள், நானும்தான். அதனால் ஒரே வாரத்தில் கோபம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபம் வந்த நாளில், முனை எதனடியில் இருந்தது என்று மட்டும் இரவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு மதத்தவர் ஒரே அறையில் இருந்துகொண்டு ஆன்மிக ஒருமை எப்படி வரும்?

மதச் சண்டையில் நொந்துபோன இங்கிலாந்தில் வளர்ந்தது இந்த அமைப்பு. லண்டனில் 1717-ல் நான்கு சபைகள் சேர்ந்து முதல் கிராண்ட் லாட்ஜ், அதாவது சபைகளுக்கான தலைமை அமைப்பு, உருவானதாக மரபு. 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல், எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் மதத்தைக் கைக்கொண்டால் போதும், தனிப்பட்ட கருத்துகளை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்றது. கடவுளைப் பேரண்டத்தின் மாபெரும் சிற்பி என்று குறிப்பிடுவோம். அந்தச் சிற்பி யார் என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். சபைக்குள் மத விவாதமும் கட்சி அரசியலும் கூடாது.

இதை வெறும் மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. என் நம்பிக்கைக்கு எதிரான நம்பிக்கை உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் போலவே தன் கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். செதுக்காத பாறைத் துண்டு எங்களுக்குத் திருந்தவேண்டிய மனிதரின் அடையாளம். அவரை வெல்லவேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு மாலை முழுக்க அவரோடு இருப்பது எவ்வளவு பெரிய விடுதலை! ஒருமை எனக்குப் புரிந்தது அங்கேதான். எல்லாரும் ஒரே கல்லாக உருகிவிடுவதில்லை. கல் கல்லாகவே இருந்து சுவரில் பொருந்துகிறது.

கடவுள் நம்பிக்கையே நிபந்தனையில்லை என்று 1877-ல் பிரான்சின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் விதியை மாற்றியது. இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அதன் உறவைத் துண்டித்துக்கொண்டது. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது.

நான் கத்தோலிக்கன். சேரலாமா?

உங்கள் திருச்சபை கூடாது என்கிறது. 1738-ல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் தடை விதித்தார், 1983-ல் வத்திக்கான் அதை மீண்டும் உறுதி செய்தது. சபை தன்னை மதமாகக் கருதுவதில்லை, மோட்சம் தருவதாகவும் சொல்வதில்லை. ஆனாலும் வீட்டுக்கும் பங்குத்தந்தைக்கும் தெரியாமல் சேராதீர்கள். ஒளித்துவைத்துக்கொண்டு செய்கிற காரியத்தில் மூலைமட்டம் எப்படிப் பொருந்தும்?

உறுப்பினராகாமல் இந்தச் சிந்தனையைப் பழகலாமா? பெண்களுக்கு வழி உண்டா?

முதல் கேள்விக்கு: பழகலாம். அளவுகோல் பயிற்சியும் உயில் எழுதுவதும் யாருக்கும் தடையில்லை. சடங்கின் அனுபவமும் கூடியிருப்பதும் மட்டும் கிடைக்காது.

பெண்களுக்கு உண்டு. ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் 'லெ துருவா ஊமேன்' 1893-ல் பாரிஸில் தொடங்கியது. பெண்களுக்கென்றே தனிச் சபைகளும் இருக்கின்றன. எங்கே விண்ணப்பித்தாலும், அந்தச் சபை எந்தத் தலைமையின் கீழ் இயங்குகிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். சடங்கு, நிபந்தனை, சிந்தனை அறை உண்டா இல்லையா எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.