ஏலத்தில் பவுண் எடுக்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

தங்கம் ஏற ஏற, எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒன்லைன் ஏலத்தைப் பற்றித்தான். இந்த வாரம் முழுக்க அதுவே.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஈபே ஏலத் தளத்தில் ஒரு இங்கிலாந்துப் பவுண் தங்க நாணயத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு. தங்க விலையை விட இருபது வீதம் குறைவு, ஏலம் முடிய மூன்று நாள் இருக்கிறது. கேட்கச் சொல்லவா? (வெள்ளவத்தை)

பதில்: மூன்று நாள் மிச்சமிருக்கும்போது தெரிவது விலையே இல்லை. வாங்க வருகிறவர்கள் கடைசி நிமிடத்தில்தான் வருவார்கள். அந்தப் பவுணின் நிறை 7.98 கிராம், 22 கரட் என்பதால் சுத்தத் தங்கம் 7.32 கிராம்தான். அன்றைய தங்க விலையால் பெருக்கி, தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள். கலியாணத்துக்கு என்றால் எப்படியும் நகையாகத்தானே வேண்டும்? கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவுக்குப் போங்கள்.

கேள்வி: கனடாவின் மேப்பிள் லீஃப் தங்க நாணய ஏலங்களில் தொடர்ந்து தோற்கிறேன், அதுவும் ஒவ்வொரு முறையும் சில டொலர் வித்தியாசத்தில். கொஞ்சம் கூட்டிக் கேட்டால் கிடைத்துவிடும்தானே? (தெஹிவளை)

பதில்: கிடைக்காது. இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் திரும்ப வருகிறது. ஈபே போன்ற தளங்களில் நீங்கள் எழுதுவது உங்கள் உச்ச விலை. தளம் அதை மறைத்து வைத்துக்கொண்டு, எதிராளியை விட ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காகக் கேட்கும். அவர் 4,500 டொலர் வரை போகத் தயார், நீங்கள் எழுதியது 4,000 என்று வையுங்கள். ஏலம் 4,000-க்கு ஒரு படி மேலே நிற்கும். நீங்கள் 4,100 ஆக்கினால் அதற்கும் ஒரு படி மேலே. திரையில் பார்த்தால் மயிரிழையில் தவறியது மாதிரி இருக்கும். உண்மையில் ஐந்நூறு டொலர் பின்னால் நின்றீர்கள். அவருக்கு விலையை ஏற்றிக் கொடுத்ததுதான் மிச்சம்.

விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்ல, இரண்டாவதாக வந்தவர். இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒரே இரவில் மாட்டிக்கொண்டால் கடை விலையைத் தாண்டிப் போகும். அடுத்த நாள் ஒருவர் மட்டும் வந்தால் அதே நாணயம் மலிவாகப் போகும். இரண்டிலும் இருப்பது ஒரு அவுன்ஸ், தங்கக் கணக்கில் 31.1 கிராம், தங்கம்தான். மேப்பிள் லீஃப் 1979 முதல் வரும் நாணயம், உலகம் முழுக்கக் கடைகளில் கிடைக்கிறது. இதற்குப் போய் என்ன போட்டி?

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்த ஒரு இரவின் விலையை எடுத்து, "போன மாதம் இவ்வளவுக்குப் போனது" என்று அடுத்த விற்பனையாளர் ஆரம்ப விலையாகப் போடுகிறார். நம் ஆட்களும் நம்புகிறார்கள். முடிந்த ஏலங்கள் பத்தைப் பார்த்து நடுவிலிருக்கும் விலையை எடுங்கள். ஏல நிறுவனம் என்றால் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் உண்டு, பல இடங்களில் இருபது வீதமளவில். எல்லாவற்றையும் சேர்த்து உச்ச விலையை ஒரே தரம் எழுதிவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஒரு அவுன்ஸ் என்று வாங்கிய 2018 சீனப் பண்டா தங்க நாணயம், தராசில் 30 கிராம்தான் காட்டுகிறது. (வத்தளை)

பதில்: நிறை சரிதான். 2016 முதல் பண்டா 30 கிராமில்தான் வருகிறது. நாணயத்திலேயே எழுதியிருக்கும், பாருங்கள். விளம்பரத்தில் ஒரு அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் அது பொய். குறைந்த 1.1 கிராமுக்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: முகநூல் குழு ஒன்றில் மூன்று பேரோடு போட்டி போட்டு, ஓய்வூதியப் பணத்தில் ஒரு க்ரூகர்ராண்ட் தங்க நாணயம் எடுத்தேன். நகைக்கடையில் நிறுத்தால் 31.1 கிராம். போலி என்கிறார்கள். விற்றவரோ "ஒரு அவுன்ஸ் சரியாக இருக்கிறதே" என்கிறார். (ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டாஞ்சேனை)

பதில்: அம்மா, அந்த 31.1 கிராமே அவருக்கு எதிரான சாட்சி. தென்னாபிரிக்கா 1967 முதல் வெளியிடும் இந்த நாணயம் 22 கரட். ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கத்தோடு செம்பும் சேர்ந்து 33.93 கிராம் இருக்க வேண்டும். செய்தவனுக்கு அது தெரியவில்லை. உங்களோடு போட்டி போட்ட மூவரும் நிஜ ஆட்களா என்பதும் சந்தேகம். விற்பவரே வேறு கணக்குகளில் வந்து விலையை ஏற்றிவிடுவது பழைய வித்தை. பதிவை அழிப்பதற்குள் ஏலம் முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், கணக்குப் பெயர்களும் நேரமும் தெரிய. நகைக்கடையில் நிறையை எழுதி வாங்குங்கள். வங்கிச் சீட்டோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். பணம் கைக்கு வராமல் நாணயத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஏமாந்ததற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: தரம் பார்க்கும் நிறுவனம் பிளாஸ்டிக் உறையில் அடைத்து 70 மதிப்பெண் (அதுதான் உச்சம்) போட்ட அமெரிக்கத் தங்க ஈகிள், சாதாரண ஈகிளை விட ஒன்றரை மடங்கு விலை. நல்ல முதலீடா? (பம்பலப்பிட்டி)

பதில்: செட்டியார் தெருவில் உறைக்கு விலை போட மாட்டார்கள். எண்ணிக்கை உண்மையிலேயே குறைவாக இருந்தால் கதை வேறு: 2020 இல், இரண்டாம் உலகப் போர் முடிந்த 75 ஆம் ஆண்டுக்காக அமெரிக்க நாணயசாலை 1,945 தங்க ஈகிள்களை மட்டும் விட்டது, ஏலத்தில் அவை வெளியீட்டு விலையைத் தாண்டிப் பறந்தன. உங்களுடையது வருடா வருடம் வரும் நாணயம். புது நாணயத்துக்கு 70 மதிப்பெண் கிடைப்பது அப்படியொன்றும் அபூர்வமும் இல்லை.

கேள்வி: "பாட்டியின் பெட்டியில் இருந்தது, சோதித்துப் பார்க்கவில்லை" என்று ஒருவர் போட்டிருக்கிறார். மலிவாகப் போகிறது. (மருதானை)

பதில்: சோதித்திருப்பார். அப்படி எழுதியிருந்த கமெரா ஒன்று, லென்ஸுக்குள் பூஞ்சணத்தோடு என் அலமாரியில் கிடக்கிறது.

கேள்வி: ஏலத்தில் வென்றுவிட்டேன். நாணயம் கூரியரில் வருகிறது. சுங்கத்தில் ஏதும் கட்ட வேண்டி வருமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: இதை ஏலம் கேட்பதற்கு முன்னால் சுங்கத் திணைக்களத்திடம் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கே அழையுங்கள்.