பாட்டுப்பெட்டிக்கு எந்தத் தொடுதிரை?

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையையும், அதன் 40 முனைகளின் மேல் பொருத்தும் ஒலி அட்டையையும் கொண்டு பாட்டுப்பெட்டி ஒன்றைச் செய்து வருகிறேன். வயற்காவலுக்குப் போகும் இரவுகளில் அது கொட்டிலில் பற்றரியில் இயங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 3.5 அங்குலத் திரையை வாங்கலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தகைய திரைகளிற் பெரும்பாலானவை பலகையின் முதல் 26 முனைகளின் மீது அமர்பவை. ஒலி அட்டை பயன்படுத்தும் 12, 35, 40ஆம் முனைகளில் முதலாவது அதற்குள் அகப்பட்டுவிடுவதால், இரண்டில் ஒன்றைக் கழற்றிவைக்க நேரும். போதாததற்கு, 480 × 320 புள்ளிகளில் நீண்ட தமிழ்ப் பாடற்பெயர்கள் பாதியில் அறுந்துதான் தெரியும்.

தட்டையான நாடாக் கம்பியால் இணையும் 7 அங்குல, 800 × 480 திரை அம்முனைகளுடன் போட்டியிடாது; அதற்குரிய 5 வோல்ட் மின்சாரத்தை அதன் பின்பலகையிலுள்ள மைக்ரோ யூஎஸ்பி வாயில் வழியாகவே கொடுக்கலாம். ஆனால் வரம்பிலிருந்து ஏறிய ஈரக்கையால் தொட்டால் அது குழம்பும். அழுத்தத்தால் இயங்கும் மலிவுத் திரைக்கு அந்த ஒரு சிறப்பு உண்டு, நகத்தாலும் வேலை வாங்கலாம்.

பாட்டு ஓடத் தொடங்கி அரை நிமிடத்தில் திரை அணையும்படி அமைத்துவிடுங்கள். பற்றரியும் மிஞ்சும், கொட்டிலுக்குள் பூச்சியும் மொய்க்காது.