என்செனாடாவில் காலை பத்து மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்

மெக்சிகோவின் துறைமுக ஊர் ஒன்றில் இரண்டு நாள் தங்கப் போகிறோம், அங்கே மீன் சந்தையிலும் தெருக்கடைகளிலும் கடல் உணவை நம்பிச் சாப்பிடலாமா, என்ன கேட்டு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். நேரம் பார்த்துப் போனால் போதும்.

எனக்கு நன்றாகப் பழகிய ஊர் என்செனாடா, அதை வைத்தே சொல்கிறேன். எனக்கு அமெரிக்காவில், எல்லையை ஒட்டிய சான் தியேகோவில் வேலை. எல்லையைத் தாண்டி திஹுவானாவிலிருந்து கடலோரமாகவே ஒரு சுங்கச்சாலை போகிறது, நூறு கிலோமீட்டர் இருக்கும். ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது நானும் கணவரும் அங்கே போய் வருகிறோம். போவது சாப்பிடத்தான்.

முதல் இரண்டு பயணத்திலும் நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் மீனை வைத்திருந்தோம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கு போட்ட உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம். மீன் சுமார்தான். விலை எழுதாத ஒரு தட்டை வாசலில் நின்றவர் வற்புறுத்தியதால் கேட்டோம், பில் வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. திரும்பி வந்து அலுவலகத்தில் என்செனாடாக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரியில் யாராவது மாரிஸ்கோஸ் சாப்பிடுவார்களா?" மாரிஸ்கோஸ் என்றால் நண்டு, இறால், சிப்பி வகையறா. அந்த ஊர்க்காரர்களுக்கு அது காலையிலும் மதியத்திலும் சாப்பிடுகிற உணவு. நல்ல தெருக்கடைகள் பத்து, பதினொரு மணிக்கே களைகட்டிவிடும், மாலைக்குள் சரக்கு தீர்ந்து கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரிக்கு இறைச்சி டாக்கோதான், அதாவது சோள அடையில் இறைச்சி வைத்துத் தருவது. இது புரிந்த பிறகு எங்கள் பயணமே மாறிப்போனது.

சரி, சந்தைக்கு வருவோம். துறைமுகத்தை ஒட்டி இருக்கும் மீன் சந்தையை ஊரில் 'மெர்காதோ நெக்ரோ' என்பார்கள், கறுப்புச் சந்தை என்று பொருள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிற வியாபாரம்தான். பக்கத்தில் படகுகள் நிற்கும், பெலிக்கன் பறவைகள் கழிவுக்குக் காத்திருக்கும். உள்ளே போனால் பளிங்கு போட்ட மேடைகளில் ஐஸ் பரப்பி மீன் அடுக்கியிருப்பார்கள். சூரை, பாரை இனத்தைச் சேர்ந்த ஹுரெல், முழங்கை நீளக் கணவாய், மூட்டை மூட்டையாக மட்டி. யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 'அல்மெஹா ஹெனெரோசா' என்ற பெரிய மட்டியைப் பார்த்ததும் என் கணவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். சீனாவுக்கு நிறைய ஏற்றுமதியாகிற சரக்கு அது. மெல்லிசாகச் சீவி எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். நறுக்கென்று இருந்தது, லேசான இனிப்பு.

இங்கே மட்டியும் சிப்பியும் இவ்வளவு ருசியாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். வடக்கிலிருந்து கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. வசந்த காலத்தில் கரையோரக் காற்று மேல்மட்ட நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து சத்து நிறைந்த நீர் மேலே ஏறி வருகிறது. அதில் நுண்ணுயிர்ப் பாசி பெருகுகிறது, அதைத் தின்று மட்டியும் சிப்பியும் கொழுக்கின்றன. என்செனாடாவுக்குத் தெற்கே சான் கிந்தீன் என்ற இடத்தில் சிப்பியைப் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். என்செனாடாவை ஒட்டிய கடலிலேயே பெரிய வலைக்கூண்டுகளில் நீலத்துடுப்புச் சூரையை மத்தி போட்டுக் கொழுக்க வைத்து ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். இத்தனையும் சேர்ந்துதான் 2015இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலைக்கான படைப்பூக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சந்தையில் அழகாகக் குவித்து வைத்திருக்கும் இறால் இந்தக் கடலில் பிடித்தது அல்ல. என்செனாடா இருக்கும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் அந்தப் பக்கம், கலிபோர்னியா வளைகுடாவில் இருக்கும் சான் பெலிபேயிலிருந்தோ எதிர்க்கரைச் சினலோவா மாநிலத்திலிருந்தோ வருகிறது. வசந்தமும் கோடையும் அங்கே இறால் பிடிக்கத் தடைக்காலம், அந்த மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்பதனச் சரக்கோ பண்ணை இறாலோதான். சமைத்துச் சாப்பிட அதில் ஒரு குறையும் இல்லை. பச்சையாகத் தருகிற இறாலுக்கு மட்டும் கேட்டுவிடுங்கள். "எஸ் தே ஓய்?" என்றால் இன்றையதா என்று அர்த்தம். "கொன்ஹெலாதோ?" என்றால் உறைய வைத்ததா. இந்த இரண்டையும் நான் கேட்டபோதெல்லாம் கடைக்காரர்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை ஓர் அம்மா தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து மேடையில் இருந்த ஹுரெலைக் காட்டி அதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மற்றபடி நம் ஊரில் மீன் வாங்குகிற கண்ணே போதும். செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா, கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை மேலே எழும்புகிறதா. தூத்துக்குடியில் என் அம்மா கற்றுக்கொடுத்தது அங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது.

சந்தையில் பார்த்தாகிவிட்டது, சாப்பிட எங்கே? நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது 'லா கெரெரென்சே' தள்ளுவண்டிக்குத்தான். முதல் தெருவும் அல்வராதோ தெருவும் சந்திக்கிற முனையில், 1960 முதல் நடக்கிற வண்டி. அதைப் பெரிய பெயருக்குக் கொண்டுவந்தவர் சபினா பந்தேரா. அவர் கெரெரோ மாநிலத்துக்காரர், அதனால்தான் வண்டிக்கு அந்தப் பெயர். அங்கே தருவது டோஸ்டாடா. சோள அடையை மொறுமொறுவென்று ஆக்கி, அதன் மேல் கடல் உணவை வைத்துத் தருவார்கள், அப்பளத்தின் மேல் கூட்டு வைத்த மாதிரி.

நான் கேட்பது கடல் முள்ளெலியும் மட்டியும் சேர்ந்தது. கடல் முள்ளெலி என்பது முள்ளோடு பாறையில் ஒட்டியிருக்கும் உருண்டை உயிரினம், அதற்குள் இருக்கும் மஞ்சள் சதையைத்தான் சாப்பிடுவது. அதை அடையின் மேல் தடவி, மேலே நறுக்கிய மட்டி, அதற்கு மேல் வெண்ணெய்ப்பழத் துண்டு. வாங்கியவுடன் சாப்பிட்டுவிட வேண்டும், இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் அடை நமுத்துவிடும். முதல் கடியில் கடல் வாசனை மூக்குக்கு ஏறும், அப்புறம் வெண்ணெய் மாதிரி கரையும், கடைசியில் மட்டியின் இனிப்பு. வண்டியின் மேல் வரிசையாகச் சாஸ் பாட்டில்கள் இருக்கும். நிலக்கடலையும் மிளகாயும் எண்ணெயோடு சேர்ந்த ஒன்று இருக்கிறது, அதை ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடும்போது எனக்கு வீட்டு மிளகாய்ப்பொடி ஞாபகம் வரும். மிளகாய் மெக்சிகோவிலிருந்துதான் நமக்கு வந்தது, அவர்கள் எல்லாவற்றிலும் பிழிகிற எலுமிச்சையின் பூர்வீகமோ ஆசியா. அந்தத் தெருமுனையில் நிற்கும்போது எனக்கு அந்நிய ஊர் என்ற உணர்வே வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து மீன் டாக்கோ. இது என்செனாடாவின் சொந்தச் சரக்கு, 1970 முதல் நடக்கிற 'டாக்கோஸ் பெனிக்ஸ்' போன்ற நடைபாதைக் கடைகளில்தான் சாப்பிட வேண்டும். மீனை விரல் நீளத்துக்கு வெட்டி, கரைத்த மைதா மாவில் தோய்த்து, அகலமான சட்டியில் எண்ணெய் ஓரமாக வழுக்கி விடுவார்கள். நம் பஜ்ஜி மாதிரி உப்பி வரும், ஆனால் மேல்தோல் இன்னும் மெல்லிசு. சூடான சோள அடையில் வைத்துக் கையில் தந்துவிடுவார்கள். முட்டைக்கோஸ், தக்காளி வெங்காயக் கொத்தமல்லிக் கலவை, வெள்ளை நிறப் பாலேட்டுச் சாஸ், எலுமிச்சை எல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. அங்கே யாரும் சீட்டு எழுதுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் எத்தனை என்று கேட்பார்கள், நாம் சொல்கிற எண்ணிக்கைக்குக் காசு வாங்கிக்கொள்வார்கள். முன்பின் தெரியாத எங்களிடமும் அப்படித்தான். அந்த நம்பிக்கை எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம்.

பல கடைகளில் இந்த டாக்கோவுக்குப் பயன்படுவது சுறா வகை, முள் இருக்காது. பன்றி சாப்பிடாதவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். சில கடைகளில் பொரிப்பது பன்றிக்கொழுப்பில், அதன் பெயர் 'மந்தேகா'. எண்ணெய் என்றால் 'அசெய்தே'. கூடத் தருகிற மசித்த பீன்ஸிலும் மந்தேகா சேர்ப்பது அங்கே சகஜம். எங்கள் நண்பர் குடும்பம் ஒன்று இது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மிகவும் வருத்தப்பட்டார்கள், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் வெள்ளையாக மாறுவதைப் பார்த்து அது வெந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். புளிப்பு பட்டால் புரதம் இறுகி நிறம் மாறும், அவ்வளவுதான். நெருப்பில் வேகும்போது கிருமி சாவதுபோல இதில் சாகாது. அதனால் இப்படி எலுமிச்சையில் ஊறவைத்துத் தருகிற செவிச்சேவும் பச்சைச் சிப்பியும் பச்சை உணவுதான் என்று நினைத்தே சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று செந்நீர்ப் பெருக்கு. சில காலங்களில் ஒருவகைப் பாசி கடலில் பெருகி அதன் நஞ்சு சிப்பியிலும் மட்டியிலும் சேர்ந்துவிடும், அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. அப்போது அரசு அறுவடையை நிறுத்திவைக்கும். அதனால் மட்டியும் சிப்பியும் நிலையான கடையில் மட்டும் வாங்குங்கள், கடற்கரையில் வாளியோடு வந்து விற்பவரிடம் வேண்டாம்.

எங்களுக்கு வயிறு கெட்டது ஒரே ஒரு தடவை. அதற்குக் கடை காரணமில்லை. மதியம் சந்தையில் செவிச்சே வாங்கி, காரில் வைத்து ஊர் சுற்றி, ராத்திரி ஒன்பது மணிக்கு அறையில் திறந்து சாப்பிட்டோம். இரண்டு பேரும் மறுநாள் முழுக்கப் படுத்துக்கிடந்தோம். அதிலிருந்து பச்சை உணவு எதுவானாலும் வாங்கின இடத்திலேயே நின்று சாப்பிட்டுவிடுவோம். உள்ளூர்க் கூட்டம் மொய்க்கிற கடையில் ஒரு தட்டுச் சரக்கு பத்து நிமிடம்கூட நிற்காது, அதைவிடப் பெரிய உத்தரவாதம் எனக்குத் தெரியவில்லை. சுற்றுலாக் கப்பல் வருகிற நாளில் முதல் தெருவில் நெரிசல் அதிகம், அன்று இன்னும் சீக்கிரம் போங்கள். மெக்சிகோப் பணமான பெசோவை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்டு விற்கிற எதற்கும் கிலோ விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் அந்த முதல் ராத்திரி கேட்காமல் விட்டது அதைத்தான்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை என்றால் சிங்கி இறால் காலம். நம் கடலில் கிடைக்கிற சிங்கி இறாலுக்கு நெருங்கிய உறவுதான், கொடுக்கு இருக்காது, வாலில்தான் சதை. வழியில் புவெர்த்தோ நுவேவோ என்ற சின்ன ஊரில் அதை இரண்டாகப் பிளந்து பொரித்து, பீன்ஸ், சோறு, பெரிய மைதா ரொட்டி, உருக்கிய வெண்ணெயோடு தருவார்கள். அங்கேயும் பொரிப்பதற்கு மந்தேகாதான் பழைய வழக்கம், வேண்டாம் என்றால் தணலில் சுட்டுத் தரச் சொல்லலாம். தடைக்காலத்திலும் பலகையில் எழுதியிருப்பார்கள், அது உறைய வைத்தது. நீங்கள் போவது கோடை என்றால் அதை விட்டுவிட்டு ஹுரெல் கேளுங்கள். மாதத்தைச் சொன்னால் அதற்கேற்ப இன்னும் எழுதுகிறேன்.