டவர் வேலைக்குப் பையனை அனுப்பலாமா? புதுவயல் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பையன் பாலிடெக்னிக்கில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு) கடைசி ஆண்டு படிக்கிறான். காரைக்குடியில் டவர் பராமரிப்பு எடுத்துச் செய்யும் சப்-கான்ட்ராக்டர் ஒருவர், "பரீட்சை முடிந்த மறுநாளே வந்து சேரட்டும், ஆள் இல்லாமல் தவிக்கிறோம்" என்கிறார். உங்கள் மைத்துனரோ, "டெலிகாம் செத்துப்போன துறை, பேசாமல் சிங்கப்பூருக்கு அனுப்புங்கள்" என்கிறார். வீட்டில் அம்மாவுக்கு டவர் ஏறுவது என்ற பேச்சை எடுத்தாலே கண் கலங்குகிறது. ரைஸ் மில் கணக்கு வேலையில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உங்களுக்கு, பையனின் முதல் வேலை தப்பாகிவிடக் கூடாது என்ற கவலை. மூன்று பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

மைத்துனர் சும்மா சொல்லவில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெளியே வந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போய், நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற தமிழ்நாடே கடை கடையாக அலைந்தது. 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் சுமார் 78,000 பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். இதையெல்லாம் பார்த்த குடும்பங்கள் இசிஇ படித்த பிள்ளையை ஐடி கம்பெனிக்குத் திருப்பிவிட்டதில் என்ன தப்பு?

ஆனால் இன்றைய ஆள் பஞ்சத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நடந்த விலைச் சண்டையில் கம்பெனிகள் குறைந்தன. அனுபவசாலிகள் வேறு துறைக்குப் போனார்கள், புதிதாக யாரும் வரவில்லை. அப்புறம் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது. 2025 தொடக்கத்திலேயே நாட்டில் 5ஜி தளங்கள் நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவையை 97,500 டவர்களோடு தொடங்கிவைத்தது. சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் சேர்ந்து உள்நாட்டிலேயே செய்த கருவிகள் அவை. இவ்வளவு இரும்பும் பெட்டியும் கம்பியும் ஊருக்குள் வந்துவிட்டன. பார்த்துக்கொள்ளக் கை போதவில்லை. அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். டவர் ஏறவும் ஃபைபர் இணைக்கவும் ஆள் போதாமல், அங்கே துறை அமைப்புகளே அரசின் தொழிலாளர் துறையோடு சேர்ந்து சம்பளத்தோடு அப்ரெண்டிஸ் பயிற்சி நடத்துகின்றன.

நம் ஊரில் கம்பெனிகள் அப்படி முன்வந்து பயிற்சி கொடுப்பதுதான் அரிது. ஆள் இல்லை என்பார்கள், சம்பளத்தை மட்டும் கூட்ட மாட்டார்கள். பெரிய கம்பெனி ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் உங்கள் பையனுக்குக் கொடுப்பார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடும். ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பையன்கள் உணவு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் "ஆள் தவிக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த வேலைக்கு ஆள் இல்லை, ஏன் நிற்கவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

என் கணக்கில் உண்மையான பஞ்சம் ஃபைபர் வேலையில் இருக்கிறது. வயர்லெஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். போனிலிருந்து டவர் வரைதான் காற்று, அதற்கப்பால் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். 5ஜி வேகத்துக்கு, டவருக்கு டவர் ரேடியோ அலையில் அனுப்பும் பழைய மைக்ரோவேவ் இணைப்பு பல இடங்களில் தாங்காது என்பதால் டவர் டவராக ஃபைபர் இழுக்கிறார்கள். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் இன்னொரு பக்கம்; அதில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்துடையது. சாலை அகலப்படுத்த ஒரு ஜேசிபி வந்தால் போதும், அன்று இரவு யாராவது குழிக்குள் உட்கார்ந்து ஜாயின்ட் அடித்தாக வேண்டும்.

அந்த வேலையைப் பையன் ஒரு தடவை நேரில் பார்க்கட்டும். ஒரு இழையின் கனம் 125 மைக்ரான், கிட்டத்தட்ட தலைமுடி அளவு. அதற்குள்ளே வெளிச்சம் ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் (இழை ஒட்டும்) மெஷினில் வைத்தால், அது தானாக நேர்ப்படுத்தி ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். ஒட்டிய இடத்தில் வெளிச்ச இழப்பு 0.1 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நல்ல ஜாயின்ட். தூசியோ கோணலோ இருந்தால் உடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று தொடங்கிப் பன்னிரண்டு நிறங்களின் வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். நிறம் மாற்றி ஒட்டினால் ஒருவர் இணைப்பு இன்னொருவருக்குப் போய்விடும். கேபிள் எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டுவது ஓடிடிஆர் கருவி. அதன் கோட்டைப் படித்து, "வளைவு இது, வெட்டு அது" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. மெஷினை யார் வேண்டுமானாலும் அழுத்திவிடலாம். அந்தக் கோட்டைப் படிப்பவர்கள்தான் குறைவு.

இன்னொரு விஷயமும் நம் பகுதிக்கே உரியது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும். வளவை (நடு முற்றப் பகுதியை) தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் போன் வெறும் பொம்மை. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கனத்த சுவர்களில் சீக்கிரம் பலமிழக்கும். அந்த வீடுகளில் பல இப்போது ஹோட்டல்களாகிவிட்டன. ஆத்தங்குடி கல்லைப் பெயர்க்காமல், பர்மாத் தேக்கில் ஆணி அடிக்காமல் உள்ளே ஃபைபரும் வைஃபையும் கொண்டுபோகத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். சின்ன வேலைதான். ஆனால் நாலு வருட அனுபவத்துக்குப் பிறகு பையன் சொந்தமாக எடுத்துச் செய்யக்கூடியது.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம், சமாதானம் சொல்லி மழுப்ப மாட்டேன். 5ஜிக்கு மேலே மாட்டும் மாசிவ் மைமோ (பல ஆன்டெனாக்கள் சேர்ந்த) பெட்டிகள் 20 கிலோவுக்கு மேல் எடை வரும். அதைக் கயிற்றில் ஏற்றிப் பொருத்துவது பயிற்சி பெற்ற ரிக்கர்கள் செய்யும் வேலை. டிப்ளமோ முடித்த பையன் அதற்குப் போக வேண்டிய அவசியமில்லை. ஆனால் "டெக்னீஷியன்" என்று சேர்த்துவிட்டு, ஆள் குறைந்த அன்று "மேலே ஏறிப் பார்த்துட்டு வாடா" என்று சொல்வதும் நடக்கிறது. இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு ஏறச் சொன்னால் கண்டிப்பாக மறுக்க வேண்டும். உடல் முழுவதையும் தாங்கும் ஹார்னஸ், எப்போதும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்கும்படி இரட்டை லேன்யார்டு (பிணைப்புக் கயிறு), ஹெல்மெட், கீழே துணைக்கு ஒரு ஆள், இவை நான்கும் இல்லாமல் ஏறக் கூடாது. மழை, மின்னல், பலத்த காற்று இருந்தால் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. இதைச் சேரும் முன்பே வாயால் சொல்லிவிடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் முதலாளி என்றால் அந்த இடம் வேண்டாம்.

டவரின் அடியிலேயே நல்ல வேலை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. டவர் கருவிகள் ஓடுவது 48 வோல்ட் டிசியில். கரண்ட் போனால் பேட்டரி, அதுவும் தீர்ந்தால் ஜெனரேட்டர். பழைய ஈய-அமில பேட்டரிகளுக்குப் பதில் லித்தியம் அயன் வந்துகொண்டிருக்கிறது, சில இடங்களில் சோலாரும் சேர்கிறது. ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபையர், பேட்டரி மேலாண்மை இரண்டும் தெரிந்த பையன் நாளைக்கு மின்வண்டி சார்ஜிங், சோலார், டேட்டா சென்டர் என்று எங்கேயும் தாவலாம். டெலிகாம் மறுபடி படுத்தாலும் அவன் படுக்க மாட்டான். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த சிக்ரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் மின்வேதியியலுக்காகவே காரைக்குடியில் இருக்கிறது. அங்கே பேட்டரி தொடர்பாகக் குறுகிய காலப் பயிற்சி ஏதாவது அறிவிக்கிறார்களா என்று பையன் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும். வாசலிலேயே இருக்கும் இடத்தை நம் பிள்ளைகள் சுற்றுச்சுவரோடு பார்த்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன. காரில் லேப்டாப்போடு சுற்றி சிக்னல் அளக்கும் டிரைவ் டெஸ்ட் வேலை ஜாலியாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் போன்களே அந்த அளவுகளை அனுப்பும் முறை வந்துவிட்டதால் அந்த வேலை குறையும். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அலாரம் பார்த்து போன் செய்யும் வேலையையும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. புதிய 5ஜி தளம் நிறுவும் வேலை அலை மாதிரி வரும், போகும். பராமரிப்பும் ஃபைபரும் பவரும்தான் நிற்கும்.

மேலே போக வேண்டுமென்றால் பையன் இப்போதே லினக்ஸ், ஐபி நெட்வொர்க்கிங், கொஞ்சம் பைத்தான் மூன்றையும் தொட வேண்டும். 5ஜியின் மையப் பகுதி இன்று சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருள்தான். களத்தில் கை அழுக்கானவனுக்கு இதுவும் தெரிந்தால் அவனை விடவே மாட்டார்கள். பணம் கட்டிப் படிக்கத் தேவையில்லை. ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம், நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாகக் கிடைப்பவற்றையும் விடக் கூடாது.

இப்போது அந்த சப்-கான்ட்ராக்டரிடம் என்ன கேட்பது? நீங்களும் கூடப் போய் உட்காருங்கள், கணக்கு பார்ப்பவர் நீங்கள், உங்களுக்கு இது கஷ்டமில்லை. நியமன ஆணை யார் பெயரில் வரும்? பிஎஃப் பிடிக்கிறார்களா, யுஏஎன் (பிஎஃப் கணக்கு) நம்பர் எப்போது வரும்? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இஎஸ்ஐ வரம்புக்குள் வரும், அந்த மருத்துவக் காப்பீடு உண்டா? பைக் பெட்ரோலுக்கு யார் பொறுப்பு? இரவு அழைப்புக்குத் தனியாகக் காசு உண்டா? விபத்துக் காப்பீடு எவ்வளவு? முக்கியமாக, முதல் ஆறு மாதத்தில் ஸ்ப்ளைசிங் மெஷினைப் பையன் கையில் கொடுப்பார்களா, இல்லை பெட்டி தூக்க மட்டும் விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சம்பளத்தை விடப் பெரியது. அசல் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

இந்த இடம் சரிப்படவில்லை என்றால் நேட்ஸ் என்ற மத்திய அரசின் தொழில் பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு உதவித்தொகையோடு தொழில் பழகுநர் பயிற்சி கிடைக்கும், முடிவில் மத்திய அரசின் சான்றிதழும் உண்டு. அரசு வேலை ஆசை அம்மாவுக்கு இருந்தால் ரயில்வேயின் சிக்னல்-தொலைத்தொடர்புப் பிரிவைச் சொல்லுங்கள். 2021இல் ரயில்வேக்கென்று 700 மெகாஹெர்ட்ஸில் தனி அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள், ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் பாதுகாப்பு முறைக்கும் ரேடியோ தொடர்புதான் அடிப்படை. ஆர்ஆர்பி (ரயில்வே வேலைக்கான) தேர்வுக்கு இப்போதிருந்தே படிக்கலாம், ஆனால் அதை நம்பி வீட்டில் சும்மா உட்கார வேண்டாம். மதிப்பெண் நன்றாக இருந்தால் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யும் ஒரு வழி. அந்தக் கலந்தாய்வு பல ஆண்டுகள் நம் காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரியிலிருந்துதான் நடந்தது. இரண்டாவது பிள்ளையின் படிப்புச் செலவும் இருப்பதால், இதை நீங்கள்தான் நிதானமாக முடிவு செய்ய வேண்டும்.

சிங்கப்பூருக்கு நான் எதிரி இல்லை. கடல் தாண்டிச் சம்பாதித்த ஊர்க்காரர்களிடம் போய் அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் வெறும் டிப்ளமோவோடு போனால் கேபிள் இழுக்கும் கூலியாகத்தான் போவான். ஸ்ப்ளைசிங், ஓடிடிஆர் அனுபவம் இரண்டு மூன்று வருடம் இருந்தால் அதே விமானத்தில் டெக்னீஷியனாகப் போவான். ஏஜென்ட் யாராக இருந்தாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. "உங்கள் மொட்டை மாடியில் டவர் வைக்கிறோம், லட்சங்களில் அட்வான்ஸ், வீட்டில் ஒருவருக்கு வேலை, டிராய் அனுமதிக்குப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். டவர் வைக்க டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அப்படி எந்தச் சான்றும் தருவதில்லை, பணமும் வாங்குவதில்லை. ஆளில்லாத பெரிய வீடுகள் நிறைய இருக்கும் நம் பகுதிக்கு இந்த மாதிரி அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

கான்ட்ராக்டர் சொன்ன பதில்களைப் பையனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். அந்தத் தாளையும் ஐந்தாம் செமஸ்டர் வரையான மதிப்பெண் பட்டியலையும் அனுப்பிவையுங்கள். கையெழுத்துப் போடும் முன் நியமன ஆணையின் நகலை ஒருமுறை எனக்குக் காட்டுங்கள்.