குட்டி நாயின் கால் முறிந்தால்: கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): எங்கள் நான்கு மாதக் குட்டி முச்சக்கர வண்டியில் அடிபட்டுத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. முறிவு நெரிவு வைத்தியரிடம் மட்டை வைத்துக் கட்டினால் போதாதா?

பதில்: தொடைக்குப் போதாது. முறிவு அசையாதிருக்க அதற்கு மேலும் கீழும் உள்ள இரு மூட்டுகளையும் கட்டு பிடித்து நிறுத்த வேண்டும். நாயின் இடுப்பு மூட்டை அவ்வாறு பிடிக்க முடியாததால் கட்டு வழுக்கி இறங்கி, முறிந்த இடத்தையே நெம்பும். முழங்கால் நீட்டியபடி கட்டுண்டு கிடந்தால், முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டிச் சுருங்கி, கால் மடங்காமல் விறைத்துப்போகும் ஆபத்தும் உண்டு. அப்படி விறைத்த காலை மீட்பது மிகவும் அரிது. ஆகவே சத்திரசிகிச்சை மூலம் உள்ளே கம்பியோ தகடோ பொருத்துவதே சரியான வழி. முழங்காலுக்குக் கீழே, பச்சைக் கொம்பு போல ஒருபுறம் மட்டும் வெடித்து, விலகாதிருக்கும் முறிவு வேறு. அதற்கு வெளிக்கட்டே பெரும்பாலும் போதும்.

கேள்வி (நிலாவெளி): முறிவு முழங்காலருகே வளர்ச்சித் தட்டில் இருப்பதாக வைத்தியர் சொல்கிறார். கம்பி வைத்தால் வளர்ச்சி நின்றுவிடாதா?

பதில்: எலும்பு நீள்வது அதன் முனையருகே உள்ள இந்த மெல்லிய குருத்தெலும்புப் படையில்தான். குட்டிகளில் அது மூட்டு நாண்களைவிடப் பலம் குறைந்தது என்பதால், வளர்ந்த நாய்க்கு நாண் அறுந்துபோகும் விபத்தில் குட்டிக்குத் தட்டு பிளந்துவிடுகிறது. 1963 இல் சோல்ட்டர், ஹரிஸ் என்னும் இரு வைத்தியர்கள் குழந்தைகளின் வளர்ச்சித் தட்டு முறிவுகளுக்கென வகுத்த ஐந்து வகைப் பிரிவையே மிருக வைத்தியர்களாகிய நாங்களும் பயன்படுத்துகிறோம். புரியில்லாத மெல்லிய கம்பிகளைக் குறுக்காகச் செலுத்தினால் எலும்பு அவற்றின் வழியே நீண்டு வளர இடமிருக்கும்; புரியுள்ள திருகாணியோ, தட்டைக் கடந்து செல்லும் தகடோ இருபுறத்தையும் பூட்டிவிடும். எதைப் பொருத்தப் போகிறார் என்று உங்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். எனினும் விபத்திலேயே தட்டு நசுங்கியிருந்தால், சத்திரசிகிச்சை எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அது முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமற்போகலாம். பின்னங்கால் சற்றுக் குட்டையானால் நாய் மற்ற மூட்டுகளை நீட்டிச் சமாளித்துக்கொள்ளும். முன்னங்காலிலோ இரண்டு எலும்புகள் சேர்ந்து வளர வேண்டும். ஒன்று நின்றால் மற்றது வளைந்துவிடும். அதனால் முன்னங்காலில் அடிபட்ட குட்டிக்குச் சில வாரங்களில் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (தம்பலகாமம்): பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஒரு வாரமாகும். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். வாகனத்தில் அடிபட்ட குட்டிக்கு நெஞ்சையும் சிறுநீர்ப்பையையும் முதலில் பரிசோதித்து, மூச்சு சீரான பின்னரே மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் ஓரிரு நாள் தாமதம் நியாயமானது. அதற்குமேல் போனால், குட்டிகளில் புதிய எலும்பு விரைவாகப் படிவதால், விலகிய துண்டுகள் விலகியபடியே ஒட்டத் தொடங்கும். அவற்றைப் பிரித்துப் பொருத்தும்போது வளர்ச்சித் தட்டும் காயப்படலாம். பயணத்தில் குட்டியை நெருக்கமான பெட்டியில் படுக்க வையுங்கள். தொடையில் எதையும் கட்டாதீர்கள். வலிக்கென்று வீட்டிலுள்ள பனடோலையோ டைக்குளோபெனாக்கையோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவை நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

கேள்வி (சாம்பல்தீவு): கதிரையிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்தது. சோறும் முள் நீக்கிய மீனும்தான் உணவு.

பதில்: உணவே காரணமாயிருக்கலாம். அதில் கல்சியம் மிகக் குறைவு. உடல் அதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவ்வாறு மெலிந்த எலும்பு கம்பியையோ திருகாணியையோ பிடித்து வைக்காது. குட்டிகளுக்கான முழுமையான உணவுக்கு மாற்றுவதே முதற்சிகிச்சை. எலும்பு தேறும்வரை குட்டியைச் சிறிய இடத்தில் அடைத்து ஓய்வளிக்க வேண்டும். கல்சிய மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், மிகையானால் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெடும்.

கேள்வி (லிங்கநகர்): சத்திரசிகிச்சைக்குப் பின் எத்தனை நாள் கூட்டில் வைக்க வேண்டும்?

பதில்: நான்கு மாதக் குட்டிக்குப் பெரும்பாலும் நான்கு வாரமளவில் எலும்பு பொருந்திவிடும், எக்ஸ்ரே பார்த்தே திறந்துவிடுங்கள். தொடை முறிவாயின், வைத்தியர் காட்டித் தரும் முறைப்படி முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சியை முதல் நாட்களிலேயே தொடங்கி, தினமும் செய்யுங்கள்.