கேள்வி-பதில்: எந்த ஃபாரெக்ஸ் புரோக்கரிடம் கணக்கு தொடங்கலாம்?

கேள்வி (தங்கச்சிமடம், இளைஞர்): விசைப்படகில் வேலை பார்க்கிறேன். தடைக்காலத்தில் சும்மா இருந்தபோது டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஃபாரெக்ஸ், அதாவது யூரோ-டாலர் மாதிரி கரன்சி டிரேடிங் சொல்லித் தருகிறார்கள். 10,000 ரூபாய் போட்டால் 500 மடங்கு லிவரேஜ் கிடைக்குமாம். அக்காவின் சீட்டுப் பணம் 50,000 கையில் இருக்கிறது. எந்த புரோக்கர் நம்பகமானவர்? எப்படி ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்தப் பணத்தை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். கடலுக்குப் போக முடியாத 61 நாளில் வீட்டில் என்ன நெருக்கடி இருக்கும் என்பது தெரிந்ததால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அந்த 500 மடங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாயை வைத்து 50 லட்சம் ரூபாய்க்கு யூரோ வாங்குகிறீர்கள். விலை 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் போனால் 50 லட்சத்தில் 10,000 நஷ்டம். அதாவது நீங்கள் போட்ட மொத்தப் பணமும் காலி. பெரிய செய்தி எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே யூரோ-டாலர் அதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ஐரோப்பாவில் சிறு முதலீட்டாளர்களுக்கு முக்கியக் கரன்சி ஜோடிகளில் 30 மடங்குக்கு மேல் தரக்கூடாது என்று 2018-லேயே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அப்போது அங்கே இந்த வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருந்தன. அங்கே தடுத்ததைத்தான் இங்கே சலுகை என்று விற்கிறார்கள். பல கம்பெனிகளில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதே அந்தக் கம்பெனிதான். நீங்கள் தோற்றால் அது அவர்களுக்கு லாபம்.

அடுத்தது சட்டம். இந்தியாவில் குடியிருப்பவர் ஆன்லைனில் கரன்சி வியாபாரம் செய்வதென்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளத்திலோ, என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தையிலோதான் செய்யலாம். அதுவும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கும் காரணத்துக்காக மட்டுமே. வெளிநாட்டு புரோக்கருக்கு மார்ஜின் பணம் (டிரேடிங்குக்கான முன்பணம்) அனுப்புவதற்கு அனுமதியே கிடையாது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு திட்டம் இருக்கிறதே என்று குழுவில் சொல்வார்கள். அந்தத் திட்டம் உண்மை. ஆனால் அதன் கீழும் ஃபாரெக்ஸ் டிரேடிங்குக்கு அனுப்பத் தடை. மீறினால், தொகை தெரிந்திருக்கும்பட்சத்தில் அதைப்போல 3 மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாட்டுவது இங்கே இருக்கும் நீங்கள்தான், எங்கோ தீவில் பதிவு செய்த கம்பெனி அல்ல.

அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு தொடங்கியது, பிறகு நீண்டுகொண்டே போகிறது. குழுவில் சொன்ன பெயரை அதில் தேடுங்கள். ஒரு பெயர் அதில் இல்லை என்பதற்காக அதற்கு அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, ரிசர்வ் வங்கியே இதைச் சொல்லியிருக்கிறது. சைப்ரஸ் லைசென்ஸ், மொரீஷியஸ் லைசென்ஸ் என்று படம் போட்டுக் காட்டினாலும் இங்கே செல்லாது.

சரி, சட்டப்படி என்எஸ்இ-யில் செய்யலாமா? டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம், அங்கே 2008 ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது. ஒரு லாட் (குறைந்தபட்ச அளவு) 1,000 டாலர். ஆனால் 2024 மே 3 முதல் நிலைமை மாறிவிட்டது. டாலர் வரவேண்டியதோ, கட்டவேண்டியதோ உண்மையில் இருப்பவர்கள்தான் ரூபாய் சம்பந்தப்பட்ட இந்த ஒப்பந்தங்களில் இறங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அழுத்தமாகச் சொல்லிவிட்டது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை, உண்மைதான். அதற்காக வரவு செலவே இல்லாமல் இறங்கலாம் என்று அர்த்தம் ஆகாது. “டாலர் வரவு இருக்குன்னு டிக் மட்டும் போட்டுட்டு உள்ளே வாங்க, யாரும் கேட்கமாட்டாங்க” என்று ஒரு புரோக்கர் சொன்னால், அவரிடம் வேறு எந்தக் கணக்கும் தொடங்காதீர்கள்.

ஆகவே, எந்த ஃபாரெக்ஸ் புரோக்கர் என்ற கேள்விக்கு உங்கள் நிலையில் என் பதில்: யாரும் வேண்டாம். பிறகு எப்போதாவது பங்குச் சந்தைக்காகப் புரோக்கர் தேடும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தரும் பதிவு எண் ஐஎன்இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்க வேண்டும். அந்த எண்ணைப் புரோக்கர் அனுப்பும் லிங்கில் பார்க்காமல், செபியின் இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். தனிநபர் பெயரில் இருக்கும் யுபிஐ-க்குப் பணம் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று எந்தப் பதிவு பெற்ற புரோக்கரும் சொல்லக்கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் 2022 முதல் 2024 வரையான 3 நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. அது ஒழுங்கான சந்தையில், ஒழுங்கான புரோக்கர் மூலமாக நடந்த கணக்கு.

உங்களுக்கு இந்தத் துறை மேல் நிஜமாகவே ஆசை இருந்தால் ஒரு வழி இருக்கிறது. செபி அமைத்த என்ஐஎஸ்எம் நிறுவனம் கரன்சி டெரிவேட்டிவ்ஸ் (கரன்சி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) என்று ஒரு தேர்வு நடத்துகிறது. புரோக்கர் அலுவலகத்தில் அந்தப் பிரிவில் வேலை பார்க்க அந்தச் சான்றிதழ் வேண்டும். அடுத்த தடைக்காலத்தில் அந்தப் பாடப் புத்தகத்தைப் படியுங்கள். டெலிகிராம் குழுவை விட ஆயிரம் மடங்கு மேல்.

கேள்வி (கீழக்கரை, குடும்பத் தலைவி): கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு ஃபாரெக்ஸ் ஆப்பில் 18,000 ரூபாய் லாபம் எடுத்தான். பணம் யாரோ முன்பின் தெரியாதவர் பெயரிலிருந்து வந்தது. கொஞ்ச நாளில் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். கணவர் சவூதியிலிருந்து அனுப்பும் பணமும் அந்தக் கூட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, இந்த மாதிரி ஆப்கள் பணத்தை நேர்வழியில் கொடுப்பதில்லை. வேறு ஊரில் ஏமாந்த ஒருவர் போட்ட பணத்தை உங்கள் மகன் கணக்குக்குத் திருப்பிவிடுவார்கள். அவர் போலீசில் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கணக்கை முடக்குவார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

வங்கிக் கிளைக்குப் போய் எந்த மாநிலத்துக் காவல் நிலையம் முடக்கச் சொன்னது, புகார் எண் என்ன, எந்தத் தொகை தொடர்பானது என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஆப்பில் நடந்த வரவு செலவின் ஸ்கிரீன்ஷாட், கணவரின் சம்பளம் வந்ததற்கான சான்று இவற்றோடு அந்தக் காவல் நிலைய அதிகாரிக்கு விளக்கக் கடிதம் அனுப்புங்கள். புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, அங்கேயும் போய் ஆலோசனை கேட்கலாம். ஒரு தரம் வழக்கறிஞரைப் பார்ப்பதும் நல்லது.

முடக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது போனில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மகன் அந்த ஆப்பில் இன்னும் பணம் வைத்திருந்தால், எடுப்பதற்கு முன் “வரி” கட்டச் சொல்வார்கள். கட்டக்கூடாது. கட்டக் கட்ட இன்னொன்று கேட்பார்கள். அவன் போட்ட பணம் போனது பற்றி 1930-க்கு இன்றைக்கே போன் செய்து புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. அவனைத் திட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். பயந்துபோன பிள்ளை பாதியை மறைத்துவிடும், உங்களுக்கு முழு விவரமும் வேண்டும்.

கேள்வி (மண்டபம், வியாபாரி): நண்டு கம்பெனி வைத்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து 40,000 டாலர் மூன்று மாதத்தில் வரவேண்டும். டாலர் விலை இறங்கினால் அடி. கரன்சி புரோக்கரிடம் கணக்கு தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். உங்களிடம் உண்மையான வரவு இருக்கிறது, சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் முதலில் உங்கள் ஏற்றுமதிக் கணக்கு இருக்கும் வங்கியில் ஃபார்வர்டு ஒப்பந்தம் கேளுங்கள் என்பேன். மூன்று மாதம் கழித்து வரும் டாலருக்கு இன்றைக்கே விலை பேசி முடிப்பதுதான் அது. வழக்கமாக அமெரிக்க வட்டியைவிட நம் வட்டி அதிகம் என்பதால், இன்றைய விலைக்கு மேல் கொஞ்சம் பிரீமியமும் கிடைக்கும். அதற்குப் பதிலாகப் புரோக்கர் மூலம் சந்தையில் 40 லாட் ஃபியூச்சர்ஸ் விற்றால் ஒவ்வொரு நாளும் லாப நஷ்டம் தீர்க்க வேண்டும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அன்றைக்கே 40,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். அந்தப் பணம் உங்களுக்குப் படகுக்காரர்களிடம் சரக்கு எடுக்கத் தேவைப்படும். பிறகு டாலர் வரும்போது அது ஈடாகிவிடும், ஆனால் இடைப்பட்ட மூன்று மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நானாக இருந்தால் பாதியை, 20,000 டாலரை மட்டும் ஃபார்வர்டில் கட்டுவேன். சரக்கு திரும்பி வந்தாலோ வாங்குபவர் இழுத்தடித்தாலோ ஒப்பந்தத்தை ரத்து செய்யும் செலவு உங்கள் தலையில் விழும். வங்கி சொல்லும் விலையை அப்படியே ஏற்காதீர்கள். சந்தை விலைக்கும் அவர்கள் விலைக்கும் எத்தனை பைசா வித்தியாசம் என்று கேட்டுப் பேரம் பேசுங்கள். அந்த வித்தியாசம் டாலருக்கு 25 பைசா குறைந்தால், மொத்த 40,000 டாலருக்கும் சேர்த்து உங்களுக்கு 10,000 ரூபாய் மிச்சம். 2019 முதல் எஃப்எக்ஸ்-ரீட்டெயில் என்ற தளம் இருக்கிறது, வங்கி வழியாக அதில் பதிவு செய்தால் சந்தை விலை உங்கள் கண்ணிலேயே தெரியும். பேரம் பேச அது பெரிய துணை.

கேள்வி (தொண்டி, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்): கையில் ரியாலும் டாலரும் நோட்டாக இருக்கிறது. விலை ஏறும்வரை வைத்துக்கொள்ளலாமா? உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தருபவர்) வங்கியைவிட அதிகம் தருகிறார்.

பதில்: எல்லாம் சேர்த்து 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை ஊர் திரும்பி 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். டாலராகவே சேமிக்க ஆசையென்றால், ஊரோடு திரும்பியவர்களுக்காக ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது, வங்கியில் கேளுங்கள். உண்டியலில் மாற்றுவது ஃபெமா மீறல், கையில் வருவது யாருடைய பணம் என்றும் தெரியாது. ரிசர்வ் வங்கி லைசென்ஸ் உள்ள பணமாற்றுக் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேட்டு, நல்ல விலை தருபவரிடம் மாற்றி, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.